மோகனா பாதியில் விட்ட ரவிக்கை

என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மோகனாவின் கணவர் முரளி அண்ணா போன் செய்தார். அவளுக்கு ஐந்து நாள் காய்ச்சல். திருப்பதி ஆஸ்பத்திரியில் விடியற்காலை உயிர் போய்விட்டது. “மோகனா பூட்டாம்மா” என்று மட்டும் சொன்னார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அவள் தையல் போட்டுக்கொண்டிருந்த கல்யாண ரவிக்கை இனி என்ன ஆகும் என்றுதான் தோன்றியது. ஒரு மாதம் தாமதமாக இதை எழுதுகிறேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. புத்தூர் ஆரி எம்ப்ராய்டரி வகுப்பில் எங்களோடு உட்கார்ந்த உங்களிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும்.

அவளும் நானும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே நாளில் சேர்ந்தவர்கள். முதல் வாரமே நாமெல்லாம் பூவுக்கும் மயிலுக்கும் தாவிவிட்டோம். அவள் மட்டும் சட்டத்தில் கட்டிய வெள்ளைத் துணியில் ஒரு மாதம் நேர்கோடாகவே சங்கிலித் தையல் போட்டாள். “இன்னாமே, ரேணிகுண்டாவுக்கு ரயில் ரோடு போட்டுகினு கீறியா?” என்று நம்மில் யாரோ கேட்டதற்கு எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். “நேரா போவத் தெரியாதவ வளைஞ்சு எப்பிடிமே போவா?” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆர்டர் எடுத்தோம். திருப்பதியிலிருந்து ஸ்வாதி என்ற கல்யாணப் பெண் வந்தாள். ரவிக்கையின் இரண்டு கைகளிலும் அன்னமும் கொடியும் வேண்டும் என்று, ஏஐயிடம் சொல்லி வரவழைத்த படத்தைப் போனில் காட்டினாள். கண்ணைப் பறிக்கும் படம். வேறு எங்காவது போய்விடுவாளோ என்ற பயத்தில், முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். மோகனா போனை வாங்கிப் பெரிதாக்கி, கொடியை நகத்தால் தொடர்ந்துகொண்டே போனாள். அது ஒரு அன்னத்தின் கழுத்துக்குள் போனது, வெளியே வரவில்லை. இன்னொரு அன்னத்துக்கு மூன்று இறக்கை. ஸ்வாதி போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“இது ஊசி புடிக்காத கை போட்டது. பரவால்ல. அந்தப் பொண்ணோட ஆசை நல்லாதான் கீது, அத எடுத்துக்கலாம்.”

நான்கு நாள் உட்கார்ந்து, நூல் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று யோசித்து யோசித்து, டிரேசிங் தாளில் வரைந்தாள்.

அந்த நான்கு நாளுக்குள்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், ஏஐ ஒரு நிமிடத்தில் இருபது டிசைன் போடுகிறது பார் என்று போனை நீட்டியிருந்தார். ஏழு வயது மகள் வரைந்துகொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு, அந்தப் போனைக் கேட்டாள். நாம் கற்றுக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா, குழந்தைக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று மோகனாவிடம் கேட்டேன். தைரியம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“தெரியலமே. எனக்கும் பயம்தான். பயந்துகினே போடு” என்றாள்.

வலது கை முடியப்போகும் சமயத்தில் ஒரே ஒரு இலையை என்னைப் போடச் சொன்னாள். அவசரமாகப் போட்டேன். கடைசி முடிச்சு இறுகவில்லை. அவள் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். முழு இலையும் ஒரே நூலாகக் கையோடு வந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. “கல்யாண மேடைல அவுர்றதுக்கு இங்கயே அவுந்தா நல்லதுதான. மறுபடி போடு” என்றாள். ஸ்கூல் விடும் நேரம் என்று சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த இலையை அவளேதான் போட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் முரளி அண்ணா ரவிக்கைத் துணி கட்டிய சட்டத்தை வண்டியில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வலது கை முடிந்திருந்தது. இடது கையில் ஒரு அன்னமும் மூன்று இலையும். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. ஸ்வாதியின் அம்மா போனில் துக்கம் விசாரித்தார். பிறகு, கஷ்டமாக இருந்தால் டிரேசிங் தாளைக் கொடுத்துவிடுங்கள், கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக் கடையில் ஒரே நாளில் போட்டுவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்று இலையையும் பிரித்துவிட்டுத்தானே தொடங்குவார்கள். நானே போடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நாலாவது இலையை ஆறு முறை பிரித்தேன். பிரித்துப் பிரித்துத் துணியில் ஓட்டை விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். ஒன்பதாம் நாள் இடது கை முடிந்தது. மகள் பக்கத்தில் வந்து நின்று, கொடியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். நாலாவது இலையில் விரல் நின்றது.

“இங்கேர்ந்து வேற மாரி கீதும்மா.”

பொய் சொல்ல நாக்கு எழுந்தது. “ஆமாம், இங்கேர்ந்து அம்மா போட்டது” என்றேன்.

குழந்தைக்கே தெரிகிறதே, ஸ்வாதிக்குத் தெரியாதா? டெய்லர் தைத்துக் கொடுத்ததும் அவள் வந்து போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன் இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள், போட்டோ எடுத்துக்கொண்டாள். “சூப்பர்கா உந்தி அக்கா” என்று தெலுங்கில் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரியவில்லை.

அவள் போன பிறகு பயம் குறையவில்லை, கூடியது. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாதென்றால், ஏஐ போட்ட மூன்று இறக்கை அன்னமே போதும் என்று ஒருநாள் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு என் மகளிடம் என்ன சொல்வேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

ரவிக்கை கல்யாணத்துக்குப் போய்விட்டது. மோகனாவின் கை எந்த இடத்தில் நிற்கிறது, என் கை எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். என் மகளுக்கும் தெரியும். மோகனாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.