ஒரு மணி நேரம் பேசாதீர்கள்

மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையலும் துப்புரவும் என் வேலை. முன்பெல்லாம் சனிக்கிழமை வருகிறவர்கள் ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார்கள். திங்கட்கிழமை எனக்கு லீவு. இப்போது லேப்டாப்போடு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஆபீஸுக்குப் போக வேண்டாமாம், எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாமாம். என் திங்கட்கிழமை அதோடு போயிற்று.

போன மாதம் சென்னைக்காரர் ஒருவர் வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே தேயிலைக் காட்டில் ஒன்பது பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே கொழுந்து எடுத்தார்கள்.

"மீட்டிங் இருக்கு. ஒரு மணி நேரம் அவங்களைப் பேசாம இருக்கச் சொல்லுங்க" என்றார்.

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கிப் போனேன். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தாள்.

"ஏட்டி, நாங்க வாயப் பொத்திட்டு நின்னா ஆனை வாறத ஒருத்திக்கொருத்தி சொல்ல முடியாது, நாங்க நிக்கிறது தெரியாம ஆனையும் கிட்ட வந்துரும்" என்றாள்.

எஸ்டேட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான், "எனக்காக அம்மா" என்று கெஞ்சினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கை காட்டினாள். பேச்சு நின்றது.

காபியோடு நான் வராந்தாவுக்குத் திரும்பியபோது அவர் லேப்டாப்பைத் திருப்பி யாருக்கோ மலையைக் காட்டிக்கொண்டிருந்தார். முதுகில் கொழுந்துப் பையோடு குனிந்து நின்ற ஒன்பது பேரும் அதில் தெரிந்திருப்பார்கள்.

"பாருங்க, ஆளரவமே இல்லாத இடம்" என்றார்.