வெளியே போனதைப் பார்க்கவில்லை

“வெப்பம் வரம்பு மீறியமையால் இயக்கம் தடைபட்டது” என்று தங்கமணி மூன்றாம் முறையாக உரக்கப் படிக்கிறார். எதிரே கேன்டீன் இராஜம்மா, தேநீர்க் குவளையும் கையுமாக.

“யாரு தடுத்தா? யாருக்குச் சூடு, கண்ணு?”

தங்கமணி அந்த வரியை அழித்துவிடுகிறார். “அக்காவுக்கு டவுட் வந்தா அது செத்த வரி லா.”

என் சின்னம்மாவின் மூத்த மகள் இவர். பிறப்பு மலேசியாவின் கிள்ளான், 1978. பக்கத்து ஊரான மேருவில் இரும்பு அலமாரிகளுக்குச் சாயம் பூசும் தொழிற்சாலையில் வேலை. சாயம் பூசியவற்றைச் சுட்டெடுக்கும் அடுப்பு அங்கே ஓர் அறையளவு பெரியது. அதை எரிப்பதும் நிறுத்துவதும் கணினிதான். ஏன் நிறுத்தியது என்பதை முன்பெல்லாம் வெறும் எண்ணாகக் காட்டும். அந்த எண்களுக்கு மலாயிலும் தமிழிலும் வாக்கியம் எழுதுவது ஏழாண்டுகளாக இவர் பொறுப்பு.

இயந்திரத்தை ‘நான்’ என்றே பேசவைப்பார். ‘எனக்கு மூச்சு முட்டுகிறது’ என்றால் காற்றுக்குழாயில் அடைப்பு. ஆளற்ற கூடத்தில் அந்தச் சொற்கள் தாமாக ஒளிர்வதைக் கண்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள்.

“பேய் மாதிரி பேசுது, எடுத்துரும்மா” என்பார் மேற்பார்வையாளர் ரெங்கசாமி.

“நம்பர் போட்டா யாருண்ணே படிக்கிறா? பயந்தாவது படிங்க.”

2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஆயுத பூசை. படையல் முடிந்து பொத்தானை அழுத்தியபோது அடுப்பு எரியவில்லை. திரை இப்படிச் சொன்னது: ‘ஒருவர் உள்ளே வந்ததைப் பார்த்தேன். அவர் வெளியே போனதைப் பார்க்கவில்லை.’

ரெங்கசாமி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வரிசையாக அலமாரிகள், ஆளரவம் இல்லை. எதிர்ச்சுவரில், ஆள் நுழைவதையும் வெளியேறுவதையும் பார்க்கும் ஒரே கேமராவுக்கு, பெரிய சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும் இட்டிருந்தது.

“பாத்தியா! சாமி கும்புடுறேன்னு அது கண்ணையே அப்பிட்டானுங்க!” சிரிப்பலை எழுந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு, கணினியின் தடையை மீறி அடுப்பை மூட்டும் சாவியை எடுத்தார்.

தங்கமணி சாவித்துளையை உள்ளங்கையால் பொத்தினார்.

“பொட்டு உள்ள இருக்குண்ணே. வச்ச ஆளு எங்க?”

“ஜீவன்தானே வச்சான்? எலுமிச்சம்பழம் வாங்க பாசாருக்குப் போயிருப்பான்.”

“போனத நீங்க பாத்தீங்களா?”

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. திரையும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுபடி கதவைத் திறந்து உள்ளே போய்த் தேடினார்கள். கடைசி அலமாரிக்குப் பின்னால், கேமராவுக்கு நேர் கீழே, ஜீவன் மயங்கிக் கிடந்தார். விரத வயிறு, முந்தைய நாளின் சூடு இறங்காத அறை. வயது முப்பத்திரண்டு, இரண்டு பெண் குழந்தைகள். வெளியே தூக்கிவந்து முகத்தில் நீர் தெளித்ததும் கண் திறந்து, “பூசை முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார். ரெங்கசாமி சாவியைப் பிடித்திருந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜீவன் வெளியே வந்துவிட்டார் என்பது அடுப்புக்குத் தெரியாது. வாக்கியம் மாறாமல் நின்றது. தங்கமணி ஈரத்துணியுடன் தனியே உள்ளே போய்ப் பொட்டைத் துடைத்தார். பிறகு அந்தக் கண்ணுக்கு நேராக நிமிர்ந்து நின்று, அதிலிருந்து முகத்தைத் திருப்பாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி நடந்து வெளியே வந்தார்.