அடைத்த கதவுக்குப் பின்னால் ஒரு குரல்

காலையில் ஊசிக்கண்ணில் நூல் நுழையவில்லை. பார்வை மங்கிவிட்டது என்று நினைத்து மூக்குக்கண்ணாடி வாங்கினேன். ஆடியது பார்வையல்ல, கை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மடக்கு சாராயம் உள்ளே போனதும் நூல் தானாக நுழைந்தது. உங்களில் யாருக்காவது காலையில் நடுங்கும் கை குடித்ததும் நின்றால், அதை மருந்து என்று நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன். ஆறு வருடம் அப்படியே போயிற்று.

என் பெயர் சவரிமுத்து. புதுச்சேரியில் தையல்காரன். கோர்ட்டுக்காரர்களுக்குக் கோட்டும் சர்ச் சாமியார்களுக்கு அங்கியும் தைப்பேன். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பின் கோட்டு தைக்க வருபவர்கள் குறைந்தார்கள். அதனால்தான் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பும் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் கடையிலேயே ரத்த வாந்தி எடுத்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்லீரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டும் கூடாது என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் பிற்பகல் அவன் வந்தான். வார்டில் நல்ல வெளிச்சம். கட்டில் அருகே நின்று, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என்னை அளக்கத் தொடங்கினான். தோள், மார்பு, கை நீளம். அளவை வாய்விட்டுச் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. டேப் பட்ட இடமெல்லாம் சில்லென்றிருந்தது. கடைசியாக உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒரே நீளமாக அளந்தான். அது சட்டைக்கான அளவு அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. நான் போட்ட கூச்சலில் என்னைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள்.

‘டெலிரியம்’ (நெடுநாள் குடியைத் திடீரென்று நிறுத்தும்போது வரும் மனக்குழப்பம்; இல்லாதது தெரியும், கேட்கும்) என்று டாக்டர் விளக்கினார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். பூச்சிகள் என்று பொய் சொன்னேன். பைத்தியம் என்று எழுதிவிடுவாரோ என்று பயம்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் என் மனைவி ரோசலியிடம் பேசினார். “உடம்புக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டேன்மா. குடிக்கிற ஆசைக்கு எங்கிட்ட மருந்து இல்ல. குடியை விட்டவங்க நாலஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ஒரு வீட்டுல கூடறாங்க. அழைச்சிக்கிட்டுப் போங்க.” தெருவின் பெயரை மட்டும் சொன்னார். வீட்டு எண் அவருக்கு நினைவில்லை.

கடற்கரையை ஒட்டிய தெரு அது. பாதி வீட்டுக்காரர்கள் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. அந்த வெயிலில் ஒரு காக்கைகூட இல்லை. எங்கள் செருப்புச் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியது. நாங்கள் இருவர், நால்வர் நடப்பதுபோல் கேட்டது. இரண்டு கதவுகளைத் தட்டினோம். தட்டிய ஓசை உள்ளே வெகுதூரம் போய் அடங்கியது. யாரும் வரவில்லை.

மூன்றாவது கதவை நெருங்கியபோது உள்ளே ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது.

“அரிசிப் பானைக்குள்ள பாட்டில ஒளிச்சி வெச்சிருப்பேன். அவ அரிசி எடுக்கறப்ப கையில தட்டுப்படும். எடுத்து வெளிய வெச்சிட்டு, அரிசிய அளந்துக்கினு, மறுபடி உள்ளயே வெச்சிடுவா. ஒரு வார்த்த கேக்க மாட்டா.”

அது என் வீட்டுப் பானை. மறுபடி வந்துவிட்டான், இந்த முறை குரலாக வந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஓடியிருப்பேன். சாராயக்கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

“ரோசலி, உனக்கு எதாச்சும் கேக்குதா?”

அவள் கதவையே பார்த்தாள்.

“கேக்குதுங்க. ஆம்பளக் குரல்.”

“இன்னா சொல்லுது?”

“அரிசிப் பானைன்னு...” என் பக்கம் திரும்பினாள். “நீங்க யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“இல்ல. நீ?”

“சத்தியமா இல்ல.”

கதவைத் தட்டியது அவள்தான்.

உள்ளே ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வீடு, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. பேசிக்கொண்டிருந்தவர் வைத்திக்குப்பத்து மீனவர் கன்னியப்பன். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை; அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவர் வீட்டுப் பானையை. பேச்சை நிறுத்தி என் கைகளைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து வரீங்களா?”

தலையசைத்தேன்.

“எத்தினியாம் நாளு வந்தான்?”

அவரே சொன்னார். “எனக்கு மூணாம் நாளு. கட்டிலுக்குப் பக்கத்துல குந்திக்கினு வலை பின்னிக்கினே இருந்தான். முடிஞ்சதும் எடுத்து எம்மேல வீசினான்.”

“எனக்கு வந்தவன் என் துப்பாக்கியத் தொடச்சிக்கிட்டிருந்தான்,” என்றார் பெரியவர்.

“என்னை அளந்தான்,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எனக்கு நாற்காலியை நகர்த்தினார். முதல்முறையாக அதைக் கேட்ட ரோசலி என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் கண்டதை மறைத்து வைத்திருந்தால், கண்ட இன்னொருவரிடம் சொல்லுங்கள். அது போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அதனோடு தனியாக இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். இரண்டாம் மாதம் ஒருமுறை குடித்தேன். அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். மழைக்காலத்தில் கன்னியப்பனும் குடித்தார். அவர் சொல்ல வரவில்லை; ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். நாங்கள் போனபோது அவர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

எனக்குப் பசி திரும்பியது. கால் வீக்கம் வடிந்தது. அந்த ஆறு வருடங்கள் மட்டும் திரும்பவில்லை.

போன மாதம் ரோசலி பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை கவுனை எடுத்துக் காட்டினாள். மகள் சர்ச்சில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியபோது நான் தைத்ததாம். தையல் அவ்வளவு நேர்த்தி. தைத்த நினைவே எனக்கு இல்லை. என் உடம்பில் வேறு யாரோ குடியிருந்து, என் கையால் அதைத் தைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

“தெக்கும்போது பாடிக்கினே இருந்தீங்கப்பா,” என்றாள் மகள்.

“இன்னா பாட்டு?”

அவள் பாடிக் காட்டினாள். நான் கேட்டே அறியாத பாட்டு. இரண்டாவது அடியில் அவள் மறந்து நின்றாள். மீதி வரியை என் வாய் பாடியது.