இடது ஓரத்துத் தேசிக்காய்

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. இரவு முழுதும் பெய்த மழை விட்டிருந்தது. கடற்பக்கத்திலிருந்து காற்றே இல்லை. வானம் கழுவாத தட்டுப் போல் கிடந்தது. வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் எங்கள் மேல்மாடியில், மேசையில் ஏழு தேசிக்காய்களை வைத்து வரைந்துகொண்டிருந்தேன். ஆறுதான் இருந்தன.

நாற்பத்தொரு வருடமாக என் நாள் இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது. காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை எனக்கு. ஒரு பித்தளைச் செம்பு, வெள்ளைத் துணி, சில காய்கள், எண்ணெய்ச் சாயம். யாரும் கேட்காத படங்கள். நூற்றுப் பன்னிரண்டு வரைந்து பத்தொன்பது விற்றிருக்கிறேன். ஒன்பதுக்குப் பிறகு சிறுவர் புத்தகங்கள். முயல், யானை, குடை பிடித்த தவளை. வீட்டு வாடகையைக் கட்டியது தவளைதான்.

வரையும்போது இடக்கண்ணை மூடிக்கொள்வேன். தூரிகையை நீட்டி அளப்பதற்காகத் தொடங்கிய பழக்கம். வலக்கண்ணைச் செம்பில் நிறுத்தி, மேசை முழுவதையும் ஒரே பார்வையில் வாங்குவேன். எண்ணுவதும் அப்படியே. கடலோரச் சுவரில் எத்தனை காகம், பஸ்சில் எத்தனை தலை, எல்லாம் ஒரு பார்வையில். விரலை நீட்டி எண்ணுபவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

குசினிக்குப் போய் மனைவியிடம் கேட்டேன்.

“சொதிக்கு ஒரு தேசிக்காய் எடுத்தனீரோ?”

“சாயம் பூசின கையால நீங்கள் தொட்டதை நான் சொதியில விடுவனோ? ரெண்டு பேரும் சேர்ந்து கனத்தைச் சுடலைக்குப் போகவோ?”

“ஒண்டு குறையுது.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசையைப் பார்த்தாள். “ஏழும் கிடக்குது. கண்ணைத் திறந்து பாருங்கோ.”

பார்த்தேன். ஏழும் இருந்தன. துணியின் இடது ஓரத்தில், சற்று மஞ்சளேறிய ஏழாவது, எங்கும் போகாததைப் போல.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஒவ்வொரு காயின் அடியிலும் துணியில் பென்சிலால் வட்டம் போட்டேன். முக்காலியில் வந்து இருந்து பார்த்தபோது ஆறு காய், ஆறு வட்டம். எடுத்தவர் வட்டத்தையுமா அழித்துவிட்டுப் போவார்? எழுந்து கிட்டப் போனேன். ஏழாவது காய் தன் வட்டத்துக்குள் இருந்தது.

என் அண்ணருக்கு மறதி நோய் வந்ததும் எண்ணிக்கையில்தான் தொடங்கியது. கடையில் மிச்சக் காசை மூன்று தரம் எண்ணுவார், மூன்று விடை வரும். இரண்டு வருடத்தில் என்னையே யாரென்று கேட்டார். அந்த ஒக்டோபரில் என் மேசையில் இருந்ததோ ஒன்றிலிருந்து பத்துவரை பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம். எண்ணத் தெரியாத கிழவனிடம் யார் இனிப் புத்தகம் கொடுப்பார்கள்? மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கூடுதல் கவனமாக வேலை செய்தேன். ஏழாம் பக்கத்து ஏழு காகங்களுக்கும் சாயம் பூசி முடித்ததும் நான்கு அடி பின்னால் நின்று, இடக்கண்ணை மூடிச் சரிபார்த்தேன். ஆறு. நல்ல வேளை பார்த்தேன் என்று வலப்பக்கத்தில் இன்னொன்றை வரைந்து, கொட்டாஞ்சேனையில் இருந்த பதிப்பகத்துக்கு அனுப்பினேன்.

நவம்பரில் அங்கிருந்து பதிப்பாசிரியர் பிள்ளை கோல் எடுத்தாள்.

“அங்கிள், ஒண்டும் நினைக்காதேங்கோ. ஏழாம் பக்கத்தில எட்டுக் காகம் நிக்குது.”

“இருக்காது, பிள்ளை. நான் எண்ணினனான்.”

“நானும் எண்ணாமத்தான் விட்டனான், அங்கிள் எண்டபடியால். அச்சடிச்சுக் கொண்டுவந்த தாளை என்ட மகள்தான் பார்த்தவள். நாலு வயசு. ‘அம்மா, ஒரு காகம் சும்மா வந்து நிக்குது’ எண்டாள்.”

“எத்தனை அடிச்சாச்சு?”

“ரெண்டாயிரமும்.”

மூலப்படத்தை அன்று பின்னேரமே திருப்பி அனுப்பினாள். அதைச் சுவரில் சாத்தி வைத்தேன். எட்டு. நான்கு அடி பின்னால் போய் இடக்கண்ணை மூடினேன். ஏழு. திறந்தேன். எட்டு. மூடினேன். ஏழு. இடது ஓரத்துக் காகம் பறக்கவில்லை. அது நின்ற இடத்தில் வெறும் வானம் இருந்தது, நான் பூசிய அதே நீலத்தில்.

என் மூளைக்கு ஒன்றுமில்லை என்று ஒரு மூச்சளவு சந்தோசப்பட்டேன். அடுத்த மூச்சில் வலக்கண்ணை நினைத்தேன்.

கண் டொக்டர் ஓர் இளம் முஸ்லிம் பெண். இடக்கண்ணை மூடி, கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் பார்க்க வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தியதை எண்ணினேன், எழுபத்திரண்டு. ஒன்றையும் விடவில்லை என்றேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். வட்டத்தின் இடது பக்கத்தில் கரி அப்பியது போல் ஒரு கறுப்பு.

“கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருக்கு. ரெண்டு கண்ணும் திறந்திருக்கக்குள்ள மத்தக் கண் அந்த இடத்த நிரப்பிக் குடுத்திடும். அதான் ஒங்களுக்கு வெளங்கல்ல.”

“இது திரும்பி வருமோ?”

“போனத எடுக்க ஏலா, ஐயா. இருக்கிறத பாதுகாக்கப் பாக்கலாம். இடக்கண்ணுலயும் அழுத்தம் கூடத்தான்.”

இப்போது படுக்கப் போகுமுன் மனைவி என் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விடுகிறாள். “ஆட்டாதேங்கோ, காகம் பறந்திடும்” என்பாள். குழந்தைகளின் பக்கங்களை விரலை வைத்துத்தான் எண்ணுகிறேன். காலை வேலையையும் விடவில்லை. ஏழு புதுத் தேசிக்காய்களை அதே ஏழு வட்டங்களில் வைத்து, இடக்கண்ணை மூடி, செம்பைப் பார்ப்பேன். பதின்மூன்று மாதமாக ஆறு தெரிந்தது. இன்று காலை ஐந்து.

அதை மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த ஒரு தாளைத் திரும்ப அச்சடிக்க நான் கட்டியது எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு, டொக்டருக்கும் சோதனைகளுக்கும் இருபத்தேழாயிரத்து நானூறு, சொட்டு மருந்து போத்தல் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பதாகப் பதினாலு போத்தல். இன்று காலை வரைக்கும் மொத்தம் ஒரு இலட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.