கிழியாத பனியன் துணி

சனிக்கிழமை காலை, ராயபுரம் கடைவீதிக்குப் போகப் பையை எடுத்தபோது தங்கராசு போன் செய்தார். "சார், டீச்சர் தவறிட்டாங்க" என்றார். எப்போது என்று கேட்டேன். "விடியக்காலைலீங்க. நெருப்பெரிச்சல் ஊட்டுக்குக் கொண்டாந்தாச்சுங்க. வந்துருங்க சார்." அவர் போனை வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் பக்கத்துக் கம்பெனியின் நிட்டிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெயசீலி டீச்சரும் நானும் ஒரே பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் அறிவியல். ஓய்வு பெற்ற பிறகு அவர் நெருப்பெரிச்சலில் ஒரு தகரக் கூரை அறையில் வெள்ளிதோறும் உபவாசக் கூட்டம் நடத்தினார். அவரிடம் படித்தவர்களுக்காகவும் அந்த அறையில் அவரோடு அமர்ந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்ல. சஷ்டியும் ஏகாதசியும் பார்த்த வீட்டில் வளர்ந்தவன். உங்கள் வேதத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் டீச்சர் சொல்லிக் கேட்டது. பிழை இருந்தால் என்னுடையது.

எங்கள் பேச்சு தொடங்கியதே என் டிபன் பாக்ஸில்தான். ஒரு சஷ்டியன்று அவல் உப்புமா, வாழைப்பழம், கடலை உருண்டை என்று பரப்பி வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தவர், "ஏனுங்க சார், இது விரதமா விருந்தா?" என்றார்.

"சோறு தொடலீங்களே டீச்சர்."

"ஆமா, உங்க ஊட்டுல இன்னிக்குச் சோறு மட்டுந்தான் பட்டினி கெடக்குது."

உங்கள் உபவாசம் எதற்கு, கேட்டது கிடைக்கவா என்று நானும் திருப்பிக் கேட்டேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். பழைய ஏற்பாட்டின் மனிதர்கள் பெரும்பாலும் அழும்போதுதான் பட்டினி இருந்தார்கள் என்றார். துணியைக் கிழித்துக்கொண்டார்கள், முரட்டுத் துணியை உடம்பில் சுற்றிக்கொண்டார்கள், தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். "துக்கம் வந்தவனுக்குச் சோறு எறங்காது சார். அந்த எறங்காத சோத்தைக் கொண்டுபோய் சாமி முன்னாடி வெக்கறதுதான் உபவாசம்" என்றார். வகுப்பில் கணக்கை விளக்கும் அதே குரல்.

பட்டினியால் ஒருவருக்குப் பெருமை வருவதை அவர் பொறுக்கவே மாட்டார். சர்க்கரை வந்து, டாக்டர் உபவாசத்தை நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிட்டார். உபவாசக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பிஸ்கட்டைப் பிரித்துத் தின்றார். இன்னொரு உதாரணமும் சொல்கிறேன். ஒரு பனியன் கம்பெனி முதலாளி, ஆர்டர்கள் முடியாமல் தேங்கிக் கிடந்த சமயத்தில், கம்பெனிக்குள்ளேயே உபவாச ஜெபம் நடத்தித் தரக் கேட்டு வந்தார். தொழிலாளிகள் மதியம் சாப்பிடாமல் இருப்பார்கள், அந்த நேரத்தில் மெஷினும் நிற்காமல் ஓடும் என்பது அவர் ஏற்பாடு. "அப்ப பட்டினி அவங்களுது, புண்ணியம் உங்களுதுங்களா?" என்று கேட்டார் டீச்சர். உபவாச நாளிலும் வேலைக்காரர்களை விரட்டுகிறவர்களைக் கடவுள் ஒரு தீர்க்கதரிசியின் வாயால் கடிந்துகொண்டதாகவும், கட்டுகளை அவிழ்த்துவிடு, உன் சோற்றைப் பசித்தவனோடு பகிர்ந்துகொள், அதுவே எனக்கு உகந்த உபவாசம் என்று சொன்னதாகவும் அவரிடம் பொறுமையாக விளக்கினார். முதலாளி காபியைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

தங்கராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லுங்க சார்" என்றார். அவர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர், எப்போதாவது உபவாசக் கூட்டத்துக்கும் வருகிறவர். மனைவி முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் செல்வி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். காய்ச்சலில் படுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கேயே இறந்துபோனாள். அவள் உயிர் போன நேரத்தில் தங்கராசு பட்டறையில் இருந்தார். அவசரச் சரக்கு, ஷிப்ட் முடித்துப் போகலாம் என்று இருந்துவிட்டார். அடக்கம் முடிந்த பிறகு அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். அவர் குடியிருந்த லைன் வீட்டு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சோறு வாசலிலேயே காய்ந்தது. தண்ணீர் மட்டும் குடித்தார்.

அந்த வாரம் உபவாசக் கூட்டத்தில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு பட்டணமே இரட்டு உடுத்தி உபவாசம் இருந்த கதையை டீச்சர் அன்று வாசித்தார். இரட்டு என்பது கோணியைப் போல உடம்பை உறுத்தும் முரட்டுத் துணி. துக்கத்தில் உடுத்துவது. வாசிக்கும்போது அது ரெட்டு என்றுதான் காதில் விழும். சாயப்பட்டறைக்காரருக்கு ரெட்டு என்றால் ஒன்றுதான். அடுத்த வெள்ளி அவர் கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

டீச்சரை வண்டியில் அழைத்துப்போக நான் அன்று ஜன்னலோரம் நின்றிருந்தேன். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். "மக போயி மண்ணு காயல, மாப்ள மாதிரி வந்திருக்கறதப் பாரு" என்று ஒரு குரல் எழுந்தது. எனக்கே கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, பனியன் தொங்கியது.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் அவரிடம் போனார். "ஏனுங்க தங்கராசு, இந்தப் பனியன்?"

"நீங்கதானுங்க படிச்சீங்க, ரெட்டு உடுத்துனாங்கன்னு. எங்கிட்ட இது ஒண்ணுதானுங்க ரெட்டு."

டீச்சர் திருத்தவில்லை. "சரிங்க" என்றார். வண்டியில் வரும்போது, அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "ஊரே பாத்துச் சிரிக்குது சார். இதைவிட உறுத்தற துணி எங்க கெடைக்கும்?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "வண்டியைத் திருப்புங்க. இப்படியே உட்டா அவர் செத்துருவார்" என்றார்.

லைன் வீட்டின் ஒற்றை அறையில் அவர் சுவரில் சாய்ந்து இருந்தார். டீச்சர் காலில் அப்போதே புண் இருந்தது. இருந்தும் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். நெடுநேரம் யாரும் பேசவில்லை. எல்லாவற்றையும் இழந்த ஒருவனின் நண்பர்கள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்த கதை வேதத்தில் உண்டு. அவர்கள் செய்ததில் அதுதான் சரி, பேசத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது என்பார் டீச்சர்.

தங்கராசுதான் முதலில் பேசினார். "தாவீது ராசா புள்ளைக்காகப் பட்டினி கெடந்தாருன்னு நீங்க முன்ன ஒருக்கா சொன்னீங்க. எம்புள்ள ஆஸ்பத்திரில கெடக்கறப்ப நான் கேன்டீன்ல புரோட்டா தின்னனுங்க. ஒரு வேளகூட இருக்கலீங்க. அதான் போயிட்டா. இப்ப இருக்கறேன்."

டீச்சர் கதையின் மீதியைச் சொன்னார். பிள்ளை இறந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்த ராஜா தரையிலிருந்து எழுந்து, குளித்து, துணி மாற்றி, சாப்பாடு கேட்டான். வேலைக்காரர்கள் திகைத்தார்கள். உயிரோடு இருந்தவரை கடவுள் இரங்கலாம் என்று பட்டினி இருந்தேன், இனி பட்டினி கிடந்து அவனைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்றான்.

"அவரு இருக்க வேண்டியப்ப இருந்துட்டாருங்க டீச்சர். எந்திரிச்சுத் திங்கலாம். நான்?"

டீச்சர் அவர் மார்பில் தொங்கிய பனியனைப் பார்த்தார். பிறகு, "துணியைக் கிழிச்சீங்களா?" என்று கேட்டார்.

தங்கராசு நிமிர்ந்து பார்த்தார். மார்பில் கிடந்த சிவப்புத் துணியை இரு கையாலும் பிடித்து இழுத்தார். அது இழுபட்டது. விட்டதும் பழையபடி சுருங்கி மார்பில் தொங்கியது. மறுபடி இழுத்தார். உங்களுக்குத் தெரியும், பின்னல் துணி அப்படித்தான். நெய்த வேட்டியைப் போல இழுத்ததும் கிழியாது. இந்த ஊர் முழுக்க அதைத்தான் செய்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தார். "இதுகூட முடியலீங்க" என்றார்.

ஆணியில் செல்வியின் வேலைப் பை மாட்டியிருந்தது. அவரே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அதற்குள்ளிருந்து டிரிம்மரை எடுத்துவந்தார். செக்கிங் பெண்கள் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் சின்னக் கத்தரி. டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் கழுத்துப் பட்டியில் ஒரு வெட்டு வெட்டினார். "இனி நீங்க" என்றார். தங்கராசு அந்த இடத்தில் பிடித்து நெஞ்சுவரை கிழித்தார். பிறகு அழத் தொடங்கினார். அடக்கத்தின்போதுகூட அவர் அழவில்லை என்று பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று சொன்னார்.

அந்த அம்மா கொண்டுவந்த கஞ்சியை டீச்சர் வாங்கினார். "துக்க ஊட்டுல அடுத்தவங்க ஊட்டுச் சோத்தைத் திங்கறதுதான் வேதத்துலயும் வழக்கமுங்க. நம்ம ஊர்லயும் அதானுங்களே. திங்க மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்லீங்க." தங்கராசு இரண்டு வாய் குடித்து வாந்தி எடுத்தார். மறுபடி கொஞ்சம் கொடுத்தார்கள். அது உள்ளே நின்றது.

திரும்பும் வழியில் டீச்சர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அவர் சாப்பிட்டுட்டார். ஆனா அவர் கேட்டதுக்கு நான் பதில் சொல்லல சார். இருக்கத் தவறுன உபவாசத்துக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல." பிறகும் பலமுறை அதைப் பற்றிப் பேசினோம். கடைசி மாதங்களில் டயாலிசிஸ் படுக்கையில்கூட ஒருமுறை கேட்டார், "தங்கராசுக்கு ஏதாவது பதில் தோணுச்சுங்களா சார்?" எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்வியோடுதான் போனார்.

டீச்சரின் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்ததும் பந்தலில் சாப்பாடு போட்டார்கள். தங்கராசு இலையில் உட்காரவில்லை. பக்கத்தில் போய், "ஏனுங்க, மறுபடியுமா?" என்றேன்.

"இல்லீங்க சார். டீச்சருக்கு ஒரு வேள இருக்கலாம்னு. பொழுதோட சாப்புட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்தார். நானும் என் இலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று எனக்கு விரத நாள் இல்லை. எந்தச் சாமியிடமும் எதையும் கேட்கவில்லை. மூன்று மணிக்குமேல் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் டீச்சர் இல்லை என்பது முதல்முறையாக உடம்புக்குத் தெரிந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மதியத்துப் பசி. பொழுது சாய்ந்ததும் தங்கராசு எழுந்து, கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டு, "வாங்க சார், சாப்புடலாம்" என்றார்.