செல்வமேரி ஒழித்து வைத்த ஆய்வகம்

செல்வமேரி எனக்கு மருமகள் முறை. என் சின்னம்மா மகள் ரோசம்மாள் என்று ஒருத்தி, பாலக்கரையில் தையல் தைத்தவள், அவளுடைய மூத்த பெண். கட்டிக்கொடுத்தது அரியமங்கலம் பெனடிக்டுக்கு. அவன் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஆர்டர் வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் படுக்கை. குடும்பம் ஓடுவது செல்வமேரியின் சம்பளத்தில்தான்.

அவளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை. வாழையை வாட வைக்கிற பூஞ்சையை ஆராய்கிற இடத்தில் உதவியாள். நிரந்தரம் கிடையாது. அந்த ஆராய்ச்சி இருக்கும்வரைதான் அவளும் இருப்பாள். நடத்துகிறவர் ஸ்ரீவித்யா மேடம், ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரர்.

ஆய்வகம் என்று பெயர், இருப்பது ஒரே அறை. லால்குடி, தொட்டியம் தோட்டங்களிலிருந்து வந்த மண் மூட்டைகள் நடையெல்லாம் கிடக்கும். குளிர்பெட்டிமேல் அட்டைப்பெட்டி, அதன்மேல் கண்ணாடிப் புட்டிகள். புதிதாக வந்த மெஷின் ஒன்று, வைக்க இடமில்லாமல் பிரிக்காத மரப்பெட்டியிலேயே கிடந்தது. ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிடுவார்கள்.

புதுக் கட்டடத்துக்காக மேடம் வருஷக்கணக்காக அலைந்தார். வரைபடம் அனுப்புவார், திருப்பி அனுப்புவார்கள், இவர் சின்னதாக்கி மறுபடி அனுப்புவார். கடைசியில் பணம் தருகிற டெல்லிக்காரர்கள், நேரில் பார்க்க ஆள் வரும் என்றார்கள். இடம் போதவில்லை என்று வருகிறவர்கள் எழுதினால் கட்டடம். இல்லையென்றால் ஆராய்ச்சியே வேறு ஊருக்குப் போய்விடும், செல்வமேரி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முந்தின நாள், வருகிறவர்களை அழைக்க மேடம் விமான நிலையம் போனார். போகிற போக்கில், "மேரி, நாளைக்கு எல்லாம் பார்க்கற மாதிரி இருக்கட்டும்" என்றார்.

எங்கள் பக்கத்தில், பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வருகிறார் என்றால் வீட்டையே ஒழித்து வைப்போம். ரோசம்மாள் தையல் மெஷினைக்கூடத் தூக்கிப் பக்கத்து வீட்டு ஷரபுன்னிசாவிடம் கொடுத்துவிடுவாள். கூடத்தில் மாதா படமும் ஒரு நாற்காலியும்தான் இருக்கும். அவள் மகளுக்கு வேறெப்படிப் புத்தி போகும்? ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஜென்சியும் நம் பக்கத்துப் பெண், அவளுக்கும் தப்பாகத் தெரியவில்லை. பல்கலைக்கழகத் தோட்ட வேலைக்காரர்கள் மரப்பெட்டியைத் தள்ளிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் பெண்கள் கழிப்பறைக்குள் அடுக்கிப் பூட்டி, தரையைத் துடைத்துவிட்டார்கள்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். மாத்ருபூதம் என்ற பெரியவர், ஹஃப்ஸா என்ற அம்மா. பெரியவர் கையை வீசிக்கொண்டு நடந்தார்.

"தாராளமா இருக்கே மேடம். ஆபீஸ்ல எனக்கே இவ்வளவு இடம் கிடையாது."

மேடம் முகத்தில் ரத்தமே இல்லை. பெரியவர் விண்ணப்பத்தோடு வந்த ஆய்வகப் போட்டோவை எடுத்துப் பார்த்தார்.

"இதுல மூட்டையா கிடக்கு. இது வேற ரூமா?"

"பழைய படமா இருக்கும்" என்றார் ஹஃப்ஸா.

"நமக்காக அடுக்கி வச்சு எடுத்த படமாவும் இருக்கலாம்."

மேடம் செல்வமேரியைக் கதவோரம் இழுத்தார். "எங்க மேரி அதெல்லாம்?"

"ஒழிச்சு வச்சிட்டேன் மேடம்."

"எங்க?"

"லேடீஸ் பாத்ரூம்ல."

"அந்த மெஷினுமா?"

"அதுதான் மேடம் ரொம்ப அசிங்கமா இருந்துது."

"ரங்கநாதா" என்று மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப எடுத்துண்டு வந்தா நாடகம்னு சொல்லுவா. பேசாம இரு."

 பேசினாலும் கெடும், பேசாவிட்டாலும் கெடும். மேடத்தைப் பொய்க்காரி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்களே என்பதுதான் செல்வமேரிக்குத் தாங்கவில்லை.

"சார், படம் நெசந்தான். நான்தான் எல்லாத்தையும் தூக்கி உள்ள போட்டேன். சாவி என்கிட்ட இருக்கு."

கழிப்பறையைத் திறந்தாள். பெரியவர் வெளியிலேயே நின்றுகொண்டார். ஹஃப்ஸா மட்டும் உள்ளே போய், மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துத் திரும்பி வந்தார்.

"அப்ப நீங்கள்லாம் எங்கம்மா போறீங்க?"

"நேத்துலேர்ந்து லைப்ரரிக்கு மேடம்" என்றாள் ஜென்சி.

பெரியவர் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் எடுத்து இருந்த இடத்துலயே வையுங்க. படத்துல இருக்கற மாதிரி வரணும். வரலைன்னா நான் எழுதறதை எழுதிடுவேன்" என்று அறை நடுவில் நின்றுகொண்டார்.

தோட்டக்காரர்களை மறுபடி கூப்பிட்டார்கள். மேடமே முந்தானையைச் செருகிக்கொண்டு மூட்டை பிடித்தார். எது எங்கே இருந்தது என்று செல்வமேரிக்குப் பாதி மறந்துவிட்டது. பெரியவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார். அவசரத்தில் ஒரு புட்டி கைநழுவி உடைந்தது.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, மெஷின் பெட்டி வருது."

அவர் ஜன்னல் பக்கம் போனார்.

"சார், அங்க அட்டைப்பெட்டி வரும்."

கதவுக்கு வந்தார். மண் மூட்டை வந்தது. நடைக்கு நகர்ந்தார். அங்கேயும் மூட்டை வந்தது. கடைசி மூட்டையை இறக்கியபோது மனிதர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க சார், படத்தோட ஒத்துப் பார்த்துடலாம்" என்று ஹஃப்ஸா உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"எங்கேம்மா வர்றது?" என்றார் அவர். படியில் நின்றபடியே ஏதோ எழுதினார். என்னவென்று சொல்லாமல் இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் செல்வமேரி என் வீட்டுக்கு வந்தாள். காபியைத் தொடவில்லை. "நான் கெடுத்துட்டேனா மாமா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தெரியும்? தவக்காலம் முழுக்க அவள் போன் அடித்தாலே பதறினாள்.

ஈஸ்டருக்குப் பிறகுதான் ஆணை வந்தது. கேட்டதில் ஒரு மாடி குறைத்துவிட்டார்கள், ஆனால் கட்டடம் உண்டு. ஆராய்ச்சி இங்கேயே இருக்கும், செல்வமேரி வேலையும் இருக்கும். அஸ்திவாரம் போடுவதற்குள் இன்னொரு தடவை யாராவது பார்க்க வரலாம் என்று மேடத்துக்குப் பயம். இப்போதெல்லாம் செல்வமேரி விளக்குமாற்றை எடுப்பதென்றால்கூட மேடத்தைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறாள்.