முழங்கால் உயரத்தில் மல்லிகை

பாளையங்கோட்டையில் ஆலயத் தோட்டத்து மல்லிகை பன்னிரண்டு செடி. செடி என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அது புதர். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரைசானி தன் கையால் நட்டது என்பதற்காகவே இருபது வருஷமாக அதில் ஒருவரும் இரும்பு படவிடவில்லை. அவ்வளவு பக்தி! பலன், இலை மண்டியதுதான். ஈஸ்டர் வந்தால் சிலுவை ஜோடிக்கக் கூடையும் கையுமாக ஊரெல்லாம் பூவுக்கு அலைவார்கள்.

1908-ல் தோட்ட வேலைக்கு வந்தாள் சாரம்மாள். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பூந்தோட்டங்களில் பத்து வருஷம் கூலி பார்த்தவள். புருஷன் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் ஜெபராணியோடு இருக்க, தோட்டத்து மூலையில் ஓர் அறை தந்தார்கள். அந்த அறைக்காகவே வந்தாள்.

கார்த்திகை மழை விட்டதும் அரிவாளைத் தீட்டிக்கொண்டு இறங்கினாள். பன்னிரண்டையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்து, நடுவில் வெயில் இறங்கும்படி விரித்துவிட்டாள். பார்த்தவர்களுக்கு மொட்டைக் குச்சிகள்தான் தெரிந்தன.

சபைத் தலைவர் வேதநாயகம் குடையை ஊன்றிக்கொண்டு ஓடிவந்தார்.

“என்ன காரியம் பண்ணிட்ட தாயி! துரைசானி கையால நட்டதுல்லா?”

“நட்டது அவிய கைதான் ஐயா. ஆனா பூக்குதது புதுக் கொப்புலல்லா. பழசை வெட்டாட்டா இலைதான் மிஞ்சும்.”

“ஈஸ்டருக்குப் பூக்கலன்னா?”

“அறையக் காலி பண்ணிட்டுப் போயிருதேன்.”

ரோஷத்தில் வந்த வார்த்தை. வேதநாயகம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

எரு வைத்தாள், மண்ணைக் கிளறினாள், வாளி வாளியாக இறைத்தாள். பங்குனி பிறந்தது. தழைத்தது இலைதான், ஒரு மொட்டைக் காணோம். “கீரை எப்ப பறிக்கலாம்?” என்று ஆலயத்துக்கு வந்தவர்கள் கேலி பேசினார்கள். சாரம்மாள் மூலை அறையைத் திரும்பிப் பார்த்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கொடிபோல வீணாக நீண்ட தளிர்களின் நுனியை ஒன்று விடாமல் கிள்ளினாள். பத்தே நாளில், கிள்ளிய இடத்துப் பக்கக் கிளைகளில் அரிசி அரிசியாக மொட்டுத் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின சாயங்காலம் நாலு கூடை நிறைந்தது. விடியற்கால ஆராதனைக்கு வந்தவர்களுக்குச் சிலுவையில் மரம் கண்ணில் படவில்லை, பூதான் தெரிந்தது. பாதிரி ஐயர் பிரசங்கம் செய்தார். கேட்டவர்களைவிட மணத்தில் கிறங்கியவர்கள் அதிகம். சாரம்மாள் பெண்கள் வரிசையில் முதல் ஆளாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெருமையை அவள் ஒளிக்கவே இல்லை. ஏன் ஒளிக்க வேண்டும்?

வெளியே வந்ததும் வேதநாயகம் எல்லார் முன்னாலும் தொண்டையைச் செருமினார்.

“நீ எங்கயும் போக வேண்டாம் தாயி.”

“போகுததாவே இல்ல ஐயா. அங்கன அரளி கெடக்க கெடப்பப் பாத்தியளா? அடுத்து அதுலதான் கைவைக்கப் போறேன்.”

வேதநாயகம் ஒதுங்கி வழிவிட்டார்.